பிக்கப் முன்பக்கச் சத்தம்: தூக்கிப் பார்க்காமலே பார்ட்ஸ் மாற்றும் ஒர்க்‌ஷாப்களிடம் உஷார்

பிக்கப் வைத்துப் பிழைக்கிறவர்கள், முக்கியமாக லோடு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போய் வருகிறவர்கள், கொஞ்சம் பொறுமையாக இதைப் படித்துவிடுங்கள். முன்பக்கம் சத்தம் வருகிறது என்று கொண்டுபோய் விட்டதற்கு 38,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, சத்தத்தை அப்படியே வைத்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும்.

என் வண்டி முன்னால் டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம் தாங்கும் அமைப்பு), காயில் ஸ்பிரிங், பின்னால் பிளேட் செட் (பட்டை ஸ்பிரிங் அடுக்கு) உள்ள வகை. டி-மேக்ஸ், ஹைலக்ஸ் எல்லாம் இதே அமைப்புதான். (முன்னாலும் பிளேட் வருகிற வண்டி என்றால் அதைப் பிடித்திருக்கும் ஷேக்கிள் புஷ், யூ போல்ட் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும், நான் சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.) ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றுகிற வண்டி. ஊர்ச்சாலையில் மெதுவாகப் போகும்போது ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் முன்னால் இடதுபக்கம் ‘டக் டக்’ என்று கேட்கும். நாலுவழிச் சாலையில் ஒன்றும் இல்லை. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் அநேகமாகச் சத்தமே வராது. இதை அப்படியே அவர்களிடம் சொன்னேன்.

கவுண்டரில் இருந்தவர் வண்டியை ஜாக்கியில் ஏற்றக்கூட இல்லை. முன்பக்கத்தை இரண்டு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஷாக்கப்சரும் போச்சு சார், லோயர் ஆர்ம் புஷ்ஷும் போச்சு, ஆர்ம் செட்டாவே மாத்திடலாம்" என்றார். (லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் தாங்கும் கை, புஷ் அதன் மூட்டில் இருக்கும் ரப்பர்.) ஷாக்கப்சரில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று கேட்டேன். லேசாக ஈரம் இருக்கிறது என்றார். வெளிப்புறத்தில் மெல்லிய ஈரமும் அதில் தூசி ஒட்டியிருப்பதும் சாதாரணம், எண்ணெய் கோடாக வழிந்து கீழே வரை இறங்கியிருந்தால்தான் ஷாக்கப்சர் போய்விட்டது என்று சொல்ல முடியும். மேலே உள்ள நட்டு தளர்ந்திருந்தாலே ‘டொக்’ என்று அடிக்கும், அதையும் யாரும் கைவைத்துப் பார்க்கவில்லை.

வேலை முடிந்து வண்டியை எடுத்த அன்றே ஊருக்குள் நுழைகிற குழியில் அதே சத்தம். போன் செய்தால் "புதுப் பார்ட்ஸ் சார், செட் ஆகணும், கொஞ்ச நாள் ஓட்டுங்க" என்கிறார்கள். லூசாக இருந்த இணைப்பு ஓட ஓட இறுகாது, இன்னும்தான் தேயும். மறுபடி கொண்டுபோனதும் கதை மாறியது, இந்த முறை ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பாகம்) போய்விட்டதாம், அதற்குத் தனி எஸ்டிமேட்டாம். பழைய பார்ட்ஸைக் காட்டச் சொன்னேன், ஸ்கிராப்காரர் எடுத்துப்போய்விட்டார் என்றார்கள். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. அதில் ‘சஸ்பென்ஷன் வேலை’ என்று ஒரே வரி, கீழே தொகை. எந்த கம்பெனி பார்ட், என்ன நம்பர், கூலி எவ்வளவு, ஒன்றும் கிடையாது.

அங்கிருந்து வண்டியை நேராக என் மைத்துனருக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயதானவர், ஒரு தகரக் கொட்டகை, லிஃப்ட் எல்லாம் இல்லை. அவர் முதலில் ஸ்பானரைத் தொடவில்லை. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "தம்பி, அந்தக் குழியில விடு, இப்ப பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே விடு" என்றார். பிரேக் மிதித்தபோதும் சத்தம் நிற்கவில்லை. நின்றிருந்தால் பிரேக்கில் உள்ள காலிப்பர் பின் அல்லது பிரேக் பேட் ஆடுகிறது என்று அர்த்தமாம், ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. அப்புறம் வேகத்தடையில் நேராக ஒரு தடவை, சாய்வாக ஒரு தடவை ஏற்றச் சொன்னார். சாய்வாக ஏறினால் மட்டும் சத்தம். "லிங்க் ராடுப்பா, ஸ்டெபிலைசர் லிங்க்" என்றார் இறங்கும்போதே.

காரணத்தையும் சொன்னார். ஸ்டெபிலைசர் பார் என்பது இரண்டு பக்கத்தையும் இணைத்து வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி, அதன் நுனியைச் சஸ்பென்ஷனோடு சேர்ப்பதுதான் லிங்க். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர் பார் தன் புஷ்ஷுக்குள் சும்மா திரும்பிக்கொள்ளும், லிங்க்கில் பெரிதாக விசை விழாது. ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போதுதான் பார் முறுக்கப்படுகிறது, லிங்க் நுனியில் உள்ள சின்ன பால் ஜாயிண்ட் (எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு) தேய்ந்திருந்தால் அப்போது அடிக்கும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி லிங்க்கை ஆட்டிப் பார்த்தால் பாரின் முறுக்கு அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டமே தெரியாது. அதனால் இரண்டு சக்கரமும் சமமாகத் தரையில் இருக்கும்போதே கீழே படுத்து ஆட்டிப் பார்த்தார், என்னையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னார், இடதுபக்க லிங்க் கையிலேயே ஆடியது. உறுதிப்படுத்த இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, எதிலும் இடிக்காதபடி பாரைக் கட்டிவிட்டு, காலி வண்டியைத் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டினோம். சத்தம் போய்விட்டது. (லிங்க் இல்லாமல் வண்டி வளைவில் அதிகம் சாயும், இதை லோடோடும் வேகமாகவும் யாரும் செய்ய வேண்டாம்.) புது லிங்க் ஜோடி இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

லிங்க் போடும்போது அவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வலதுபக்கம் புதிதாகப் போட்ட லோயர் ஆர்மில், பால் ஜாயிண்ட்டின் காடி வெட்டின நட்டுக்கு ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் குறுக்கே செருகும் கம்பி) போடவே இல்லை. நட்டு தளர ஆரம்பித்திருந்தது. அது முழுசாகக் கழன்று ஜாயிண்ட் பிரிந்தால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும், ஸ்டீயரிங்கை எவ்வளவு பிடித்தாலும் பலனில்லை. இந்த வண்டியில் நான் ஒரு டன்னுக்குக் குறையாமல் காய் ஏற்றுவேன், பக்கத்து சீட்டில் பெரும்பாலும் என் தம்பி இருப்பான். பணத்தைக் கூட ஒரு நாள் மறந்துவிடலாம், இதை என்னால் மறக்க முடியவில்லை. சமீபத்தில் ஆர்ம் அல்லது பால் ஜாயிண்ட் மாற்றியிருந்தால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். நட்டில் காடி இருந்தால் அதன் குறுக்கே பின் இருந்தே ஆக வேண்டும். சில வண்டிகளில் பின் தேவைப்படாத லாக் நட்டு வரும், அது வேறு.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். ஆர்ம் புஷ் போல்ட்டுகளை சக்கரம் தொங்கும் நிலையிலேயே முழுசாக முறுக்கியிருக்கிறார்கள். அப்படி முறுக்கினால் வண்டியைத் தரையில் இறக்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டி தரையில் நின்று தன் எடையில் அமர்ந்தபிறகுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். ஆர்ம் மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம், அதையும் செய்யவில்லை, டயர் உள்விளிம்பு தேய ஆரம்பித்திருந்தது. கிறீச் சத்தம் வருகிற புஷ்ஷில் டீசலோ பழைய என்ஜின் ஆயிலோ அடித்துவிடும் பழக்கமும் நிறைய இடத்தில் இருக்கிறது. ரப்பர் ஊறி உப்பிக் கெட்டுப்போகும். எந்த புஷ் என்று கண்டுபிடிக்க வெறும் தண்ணீரை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாலே போதும், நனைந்ததும் சத்தம் மாறுகிற இடம்தான் அது.

லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட் மாற்றச் சொன்னால் உங்கள் முன்னாலேயே ஆட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். காயில் ஸ்பிரிங் லோயர் ஆர்மில் உட்காரும் வண்டியில் ஜாக்கியை சேஸிஸுக்குக் கொடுத்தால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி ஜாயிண்ட்டை இறுக்கிவிடும், தேய்ந்த ஜாயிண்ட்கூட நல்லதாகத் தெரியும். ஜாக்கி லோயர் ஆர்முக்கு அடியில் இருக்க வேண்டும், பாதுகாப்புக்கு ஸ்டாண்டும் வைக்க வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா, ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) அல்லது ரேக். வண்டி நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கையில் ‘டக்’ என்று தட்டுகிறதென்றால் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டில் உள்ள யூனிவர்சல் ஜாயிண்ட்டைப் பார்க்காமல் ரேக்குக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பில் தராமல் ஏமாற்றியவர்கள் மேல் என்ன செய்ய முடியும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், செய்த வேலைக்கு பில் தராததே முறையற்ற வணிக நடவடிக்கையில் வருகிறது. வண்டி தொழிலுக்கு ஓடுகிறதே, நாம் நுகர்வோரா என்ற பயமும் வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வைத்திருந்தால் அதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை, வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது.

நான் 1915இல் பதிவு செய்துவிட்டேன். பின் இல்லாத நட்டின் போட்டோ, கழற்றிய லிங்க், அந்தத் துண்டுச்சீட்டு, பணம் அனுப்பிய யுபிஐ விவரம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஒர்க்‌ஷாப்காரர்கள் இப்போது போன் செய்து முழு பில் தருகிறோம் என்கிறார்கள், பணத்தைப் பற்றியும் பின்னைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. அடுத்தது ஆணையம்தான், மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.