வேலூர்ல ரஷ்யா போட்டோ பிரிண்ட் போட்ட கதை: லேப் நல்ல லேப்தான், ஆனா பக்கத்துல உக்காரணும்

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்குற ஒரு கலர் லேப் பத்தி எழுதுறேன், பேரு போடல, ஏன்னா கொறையும் சொல்லப் போறேன். கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் போட்டோ இதான் அவங்களுக்கு சோறு போடுற வேலை. நான் குடுத்தது அக்கா பொண்ணு டாக்டருக்கு படிக்குற செயின்ட் பீட்டர்ஸ்பர்க்லயும் ஊருக்கு வெளியிலயும் எடுத்த பாலம், சர்ச், அரண்மனை படங்க. 12க்கு 18 சைஸ், மேட் பேப்பர்.

முதல்ல வந்த அரண்மனைப் பாலம் பிரிண்ட பாத்து மண்டை காஞ்சி போச்சு. அது நெவா ஆத்து மேல 1916ல தொறந்த பாலம், ஆறு உறையாத மாசங்கள்ல கப்பல் போறதுக்காக நடுராத்திரி ஒரு மணிக்கு மேல நடு பாகத்த ரெண்டா பிரிச்சு தூக்குவாங்க, அந்த கேப்ல அக்கரையில இருக்குற பீட்டர் பால் கதீட்ரலோட 122.5 மீட்டர் கோபுரம் கரெக்டா வந்து நிக்கும், அதுக்குத்தான் கரையில டிரைபாட் வச்சிக்கினு அவ்ளோ பேரு நிக்குறாங்க. ஜூன்ல அங்க ராத்திரி முழுசா இருட்டவே இருட்டாது, வானம் ஒரு மாதிரி நீலமா இருக்கும், படமே அந்த நீலம்தான். மெஷின்ல ஆட்டோ கரெக்ஷன் அந்த நீலத்த தப்புன்னு நெனச்சி மஞ்சள ஏத்தி, சாயங்காலம் பாலாத்துப் பாலத்துல எடுத்த மாதிரி ஆக்கி வச்சிருந்துச்சு.

ஆபரேட்டர் தம்பி கிட்ட கேட்டா, "முகம் இருந்தாதான் சார் கலர் புடிக்க முடியும், இதுல ஆளே இல்லியே"ன்றாரு. நியாயம்தான், தினமும் பொண்ணு மாப்பிள்ளை முகத்த வச்சே கலர் பாக்குற கை அது. பக்கத்துல உக்காந்து பகல்ல எடுத்த குளிர்கால அரண்மனை படத்த காட்டி, இந்தத் தூணு வெள்ளை, சுவரு பச்சை, இத வச்சி புடிங்கன்னு சொன்னதும் சட்டுனு புடிச்சிக்கினாரு. ராத்திரி படங்களுக்கு கரெக்ஷன மொத்தமா ஆஃப் பண்ணிட்டாரு, ரெண்டாவது தடவைக்கு காசும் வாங்கல.

ஒனேகா ஏரில இருக்குற கிழி (Kizhi) தீவு மரச் சர்ச்சுக்குத்தான் பெரிய வாக்குவாதம். 1714ல கட்டுனது, 22 குவிமாடம், மேல போத்தியிருக்குற ஆஸ்பென் மரச் சில்லுங்க நாளாக ஆக வெள்ளி நிறமா மாறிடும். "மரம்னா பிரவுன்தானே சார்"னு தம்பி ஏத்த, நான் எறக்க, அப்படியே போச்சு.

ஆனா தங்கமும் செவப்பும் வந்தா இவங்கள அடிச்சிக்க ஆளில்ல. ஜரிகை பளபளப்ப ஆல்பத்துல கொண்டு வர்றவங்களுக்கு இது என்ன பெரிய விஷயம். 1826ல கட்டுன பேங்க் பாலத்து சிங்கத்தோட தங்க ரெக்கை, ரஷ்ய மன்னர் இரண்டாம் அலெக்ஸாண்டர் 1881ல குண்டு வீச்சுல அடிபட்ட எடத்துல எழுப்புன சர்ச்சுக்குள்ள சுவரு முழுக்க இருக்குற மொசைக், எல்லாம் அப்படியே வந்திருக்கு.

எக்ஸ்ட்ராவா அந்தக் காலத்து ரஷ்ய போட்டோகிராபர் புரொகுதின் கோர்ஸ்கி எடுத்த கலர் படம் ஒண்ணும் போட்டேன், 1910ல பெர்ம் பக்கத்துல காமா ஆத்து ரயில் பாலம். நீலம், பச்சை, செவப்புன்னு மூணு ஃபில்டர்ல ஒரே கண்ணாடித் தட்டுல எடுத்தவரு, அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்ல ஃப்ரீயா எறக்கிக்கலாம். கடை ஓனரே எழுந்து வந்து பாத்தாரு, பின்னாடி யாரோ கலர் அடிச்சதுன்னு கடைசி வரைக்கும் சாதிச்சாரு.

8க்கு 10 சைஸ் கேக்காதீங்க, ரெண்டு பக்கமும் வெட்டும், அகலமான பாலத்துக்கு அது ஆவாது. க்ளாஸி லேமினேஷன் தலைல கட்டப் பாப்பாங்க, வேணாம்னு சொல்லுங்க, லைட் அடிச்சா படமே தெரியாது. பிரேம் சுமார், வேற எடத்துல போட்டுக்குங்க. முகூர்த்த மாசத்துல போனா உங்க வேலை கெடப்புலதான் கெடக்கும், ஆடில போனீங்கன்னா தம்பியே பக்கத்துல சேர் போட்டுக் குடுப்பாரு.