தரகர், தளம், ஆப்: சண்டை வந்தால் யார் வருவார்?

எங்கள் குடும்பத்தில் மூன்று கல்யாணம், மூன்று வழி. அக்காவுக்குத் தரகர் கொண்டுவந்த வரன். எனக்கு மேட்ரிமோனி தளம். சித்தி மகள் தன் கணவரைச் சந்தித்தது டேட்டிங் ஆப்பில். சித்தியிடம் மட்டும் 'ஆபீஸ் ஃப்ரெண்ட்' என்று சொல்லி ஒரு வருடம் ஓட்டினாள். மூன்று ஜோடியும் இன்றுவரை சேர்ந்துதான் இருக்கிறோம். ஆகவே எந்த வழி தேறும், எது தேறாது என்பதற்கு எங்கள் வீடு சாட்சியாகாது. ஆனால் சண்டை வந்தபோது மூன்று வீட்டிலும் நடந்தது ஒன்றல்ல.

முதலில் காசு. தரகர் ஜாதகம் கொண்டுவரும்போது பஸ் செலவுக்கு ஏதோ வாங்கிக்கொள்வார். பெரிய தொகை கல்யாணம் முடிந்த பிறகுதான், இரண்டு பக்கமும். அதனால் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. 'பையன் தங்கம்' என்று அவர் சொன்னால் பாதிதான் நம்ப வேண்டும். தளத்துக்குச் சந்தா முன்கூட்டியே, வரன் அமைந்தாலும் அமையாவிட்டாலும். ஆப் இலவசமாகத்தான் தொடங்கும், ஆனால் நீங்கள் மறுபடி மறுபடி வந்து படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. மூன்றுமே வியாபாரம்தான். கல்யாணம் நடந்தால் மட்டுமே பெரிய காசு பார்ப்பவர் தரகர் ஒருவரே.

அடுத்தது, எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்பது. தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குத் தரகரே தேவைப்பட்டதில்லை. மாமன் மகன், அத்தை மகள் என்று உறவுக்குள்ளேயே முடிந்துவிடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே மணமான பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் உறவில் கட்டிக்கொண்டவர்கள். அதைத் தாண்டினால் தரகரின் பை: நாலைந்து தாலுகா, ஒரே சாதி, கையில் இருநூறு ஜாதகம்.

தளம் அந்த எல்லையைக் கடல் தாண்டி நகர்த்தியது. பாரத் மேட்ரிமோனியைத் தொடங்கிய முருகவேல் ஜானகிராமன் 1990களின் இறுதியில் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே தமிழர்களுக்காக ஓர் இணையப் பக்கம் நடத்தினார். அதில் வரன் தேடும் பகுதிக்குத்தான் கூட்டம் என்று கண்டு அதையே தொழிலாக்கினார். தம் மனைவியையும் அதன் வழியாகவே கண்டுபிடித்தார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அவரது நிறுவனம் 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தது. ஆனால் எல்லை விரிந்த அளவுக்கு மனசு விரிந்ததா? சாதிவாரியாகத் தனித்தனித் தளங்கள், உட்பிரிவு, நட்சத்திரம், செவ்வாய் தோஷம், ஆண்டு வருமானம் என்று எல்லாவற்றுக்கும் கட்டங்கள். என் பக்கத்தை உருவாக்கியதே அப்பாதான். தரகரின் டைரிக்குத் தேடும் வசதி சேர்த்தால் என்ன கிடைக்குமோ அதுதான் தளம்.

ஆப் இங்கேதான் உண்மையில் வேறுபடுகிறது. 2012இல் வந்த டிண்டரில் சாதிக்குக் கட்டம் கிடையாது, அப்பாவுக்கும் இடம் கிடையாது. பக்கத்தில் யார் இருக்கிறார், பார்க்கப் பிடித்திருக்கிறதா, அவ்வளவே.

சரி, ஆளைப் பற்றி விசாரிப்பது? இதில் தரகர் வழிதான் முன்னே நிற்கிறது என்று கூசாமல் சொல்வேன். அவர் சொல்லை நம்பி அல்ல. அவர் சொன்ன ஊருக்குப் போய் டீக்கடையில், மளிகைக் கடையில், அந்தத் தெருவில் கட்டிக்கொடுத்த யாரோ ஒருவரிடத்தில் விசாரிக்க முடியும். மேட்ரிமோனி தளங்களுக்கு மத்திய அரசு 2016 ஜூனில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உறுப்பினர்களின் அடையாளச் சான்றைப் பெற வேண்டும், இணைய முகவரிப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. நல்லதுதான். அடையாள அட்டை ஆள் இவர்தான் என்று சொல்லும்; மாலை ஏழு மணிக்கு மேல் இவர் எப்படி என்று சொல்லாது. நான் சந்தா கட்டிய தளத்தில் ஆசையாக எடுத்த முதல் நான்கு எண்களில் இரண்டு, 'பையனுக்குக் கல்யாணம் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சுங்களே' என்றன. ஆப்பில் பெரும்பாலும் சரிபார்ப்பது முகத்தையும் போன் எண்ணையும்தான். மிச்சத்தைச் சித்தி மகள் தானே துப்பறிந்தாள்; இன்ஸ்டாகிராமில் அவன் பத்து வருடக் கதையையும் நோண்டிவிட்டாள்.

இப்போது பிரிவுக்கு வருவோம். இணையம் கல்யாணத்தைக் கெடுக்கிறது என்போரும் இல்லை என்போரும் ஆளுக்கோர் அமெரிக்க ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2013இல் ஜான் கசியப்போ குழு வெளியிட்ட ஆய்வு 19,000 பேருக்கு மேல் கேட்டது: இணையத்தில் சந்தித்து மணந்தவர்களில் பிரிந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள் சுமார் 6 சதவீதம், மற்றவர்களில் 7.7. ஆனால் அதற்குப் பணம் கொடுத்தது ஈஹார்மனி என்ற ஜோடி சேர்க்கும் நிறுவனம். வித்தியாசமும் சிறிது. 2014இல் இன்னொரு ஆய்வு, ஃபேஸ்புக் பரவல் கூடிய அமெரிக்க மாநிலங்களில் விவாகரத்தும் கூடியதைக் காட்டியது. இரண்டும் ஒன்றாகக் கூடின என்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. வாழ்க்கை கசந்தவர்கள் ஃபேஸ்புக்கில் அதிக நேரம் உட்கார்ந்திருக்கலாம். நம் ஊர் ஏற்பாட்டுக் கல்யாணத்தை இந்த எண்களால் அளக்க முடியாது.

என் கண்ணுக்குப் பட்டது வேறு. அமெரிக்காவில் 2017இல் சந்தித்த ஆண்-பெண் ஜோடிகளில் 39 சதவீதம் பேர் இணையத்தில் சந்தித்தவர்கள் என்று சமூகவியலாளர் மைக்கேல் ரோசன்ஃபெல்ட் குழு கண்டது. நண்பர்களும் உறவினரும் அறிமுகம் செய்யும் வழக்கம் அந்த அளவுக்குத் தேய்ந்தது. நடுவில் நின்ற ஆள் விலகிக்கொண்டார். சேர்க்கும்போது அவர் இல்லாதது சௌகரியம், முட்டிக்கொள்ளும்போதுதான் தெரியும்.

அக்கா கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம், பெரியப்பாவோடு தரகரும் வந்தார். மாப்பிள்ளை வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பாதி திட்டி, பாதி கெஞ்சி, காபி குடித்துவிட்டு எழுந்தார். அவர் பெயர் கெடாமல் இருக்க வேண்டுமே. இதைப் பெருமையாக மட்டும் சொல்லவில்லை: அக்காவுக்கும் அன்று கிடைத்தது 'அனுசரிச்சுப் போம்மா' என்ற ஒரே மருந்துதான். அந்தக் காலத்தில் விவாகரத்து குறைவு என்று பெருமை பேசுபவர்கள் அந்த மருந்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேறு துணை தேடவும் தரகர் பையில் இடமில்லை. விவாகரத்தான பெண்ணின் ஜாதகத்தை அவர் வாங்கவே யோசிப்பார். இன்று மறுமணத்துக்கென்றே தளங்கள் இருக்கின்றன. இந்த ஒன்றுக்காகவே இணையத்துக்கு ஒரு கும்பிடு.

எங்கள் சண்டைக்கு யாரும் வரவில்லை. இரு வீட்டாரும் ஆறு மாதமாகத்தான் பழக்கம். போனில் பட்டும் படாமலும் பேசினார்கள். தள வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட முடியுமா என்ன! சித்தி மகளும் அவனும் வீடியோ அழைப்பில் ஓர் ஆலோசகரைப் பிடித்தார்கள். காசு கொடுத்து அமர்த்திய நடுவர் என்றாலும் அவர் அவளிடமும் காது கொடுத்துக் கேட்டார்.

யாரும் வராத இடத்தில் போன் வந்து உட்கார்ந்துகொள்கிறது, சாட்சியாக. 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவரது போன் அழைப்பு விவரங்களைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. தம்பதிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்றது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டால் அதுவே உறவு உடைந்ததன் அடையாளம் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எந்த வழியில் சேர்ந்த ஜோடிக்கும் இது பொது. தரகர் முடித்துவைத்த கல்யாணத்திலும் நீல டிக் வந்தும் பதில் வராத இரவு உண்டு.

போன மாதம் அக்கா தன் மகனுக்கு எந்த வழி நல்லது என்று கேட்டாள். தேடுவதற்குத் தளம், விசாரிக்கத் தரகர் (அவர் இப்போது ஜாதகங்களை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்), அப்புறம் ஆப்பில் சேர்ந்தவர்களைப் போல நாலைந்து மாதமாவது இருவரையும் தனியாகப் பேசவிடு என்றேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அவன் இப்பவே கதவைச் சாத்திக்கிட்டு யார்கிட்டயோ பேசிட்டுத்தான் இருக்கான்டி" என்றாள்.