குவாட்டர்பேக் ஓட்டம்: ஆட்டத்துக்கு இருபதா, பத்தா?

"அப்பா, அவன விட்டுடுங்க. கொன்னுடுவீங்க போல இருக்கு" என்றான் மகன்.

அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமில் நான் நடத்திக்கொண்டிருந்த கல்லூரி அணிக்கு அது மூன்றாவது சீசன். பந்தை முதலில் கையில் வாங்கி, எறிவதா கொடுப்பதா என்று பார்க்கிற ஆள்தான் குவாட்டர்பேக். என் குவாட்டர்பேக்கின் வேகம் 94. பந்தை யாரிடமும் கொடுக்காமல் அவனே தூக்கிக்கொண்டு ஓடினால் ஐந்தாறு யார்டு நிச்சயம் என்பதால், ஆட்டத்துக்கு 22, 23 முறை ஓடவிட்டேன். எட்டு ஆட்டம், எட்டும் வெற்றி. ஒன்பதாவதில் தோள்பட்டை போய்விட்டது. பெஞ்சில் இருந்தது ஒரு முதலாமாண்டுப் பையன். அவன் எறிந்ததில் பாதி எதிரணிக்காரன் மடியில் போய் விழுந்தது. அடுத்த சீசனில் ஓட்டத்தைப் பத்தாகக் குறைத்தேன், இன்றுவரை பத்துதான்.

திரையில் எடுத்த முடிவை வைத்துக்கொண்டு நிஜ மைதானத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பீர்கள். முழுக்கப் பேச முடியாது. ஆனால் 2010இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் மேற்படிப்புக்குப் போயிருந்தபோது அங்கே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து ஒரு சீசன் முழுக்க இதே கேள்வியைக் கண்ணெதிரே பார்த்தவன் நான். அதனால் கொஞ்சம் வாய் நீளும்.

முதலில் ஏன் ஓடவிடுகிறார்கள் என்பது. வழக்கமான ஓட்டத்தில் குவாட்டர்பேக் பந்தை, ஓடுவதற்கென்றே இருக்கும் ரன்னிங் பேக் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார். தாக்கும் பக்கம் பத்துப் பேர், தடுக்கும் பக்கம் பதினொரு பேர். குவாட்டர்பேக்கே ஓடினால் ரன்னிங் பேக் முன்னால் போய் ஆளைத் தடுக்கலாம், கணக்கு சரியாகிவிடும். பயிற்சியாளர் ரிச் ரோட்ரிகஸ் 1990களின் தொடக்கத்தில் கிளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் வளர்த்தெடுத்த ஸோன் ரீட் என்ற உத்தி இன்னும் தந்திரமானது. ஓரத்தில் நிற்கும் ஒரு தடுப்பாளரை வேண்டுமென்றே யாரும் தொடாமல் விட்டுவிடுவார்கள். அவர் ரன்னிங் பேக்கைத் துரத்தினால் குவாட்டர்பேக் பந்தை வைத்துக்கொள்வார். அப்படியே நின்றால் பந்தைக் கொடுத்துவிடுவார். ஆக எத்தனை முறை ஓடுவது என்பதைப் பயிற்சியாளர் மட்டும் முடிவு செய்வதில்லை, எதிரணியும் முடிவு செய்கிறது. பத்து என்று நான் சொல்வதும் தோராயக் கணக்குதான்.

புள்ளிவிவரத்தில் ஒரு பொடி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஆட்டத்தில் குவாட்டர்பேக்கைப் பந்தோடு பிடித்துச் சாய்க்கும் ஒவ்வொரு சேக்கும் ஓட்டக் கணக்கிலேயே ஏறும். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் அப்படி இல்லை. 2016 நவம்பரில் ஹூஸ்டன் அணி லூயிவில்லின் லமார் ஜாக்சனை 11 முறை சாய்த்தது. அந்தப் பதினொன்றும் அவர் 'ஓடிய' கணக்கில்தான் இருக்கிறது. ஒருவர் 18 முறை ஓடினார் என்று பேப்பரில் படித்தால் அதில் மூன்று நான்கைக் கழித்துவிட்டுப் பேசுவது நல்லது.

இருபது முறை ஓடவிடலாம் என்கிறவர்கள் பக்கத்துக்கு வருவோம். இந்தப் பக்கம் நிற்பவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2010இல் ஆபர்னின் கேம் நியூட்டன் 264 ஓட்டம், 1,473 யார்டு, 14 ஆட்டத்தில் 14 வெற்றி, தேசியப் பட்டம், வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது. 2016இல் ஜாக்சன் 260 ஓட்டம், அவருக்கும் ஹைஸ்மன். கேன்சஸ் ஸ்டேட்டின் காலின் கிளைன் 2011இல் 317 முறை ஓடினார், பந்தை எதிரணியின் கோல் லைனைத் தாண்டிக் கொண்டுபோகும் டச் டவுன் 27. ஆட்டத்துக்கு 24 ஓட்டம்! ரன்னிங் பேக்குக்கே அது கூலிவேலை. நியூட்டன் ஆறடி ஐந்தங்குலம், சுமார் 250 பவுண்டு. அவர் மேல் மோதிய லைன்பேக்கருக்குத்தான் வலித்திருக்கும். அப்படி ஒரு உடம்பு கிடைத்தால் நானும் இருபதுக்குக் கையெழுத்துப் போடுவேன். கிடைக்காது என்பதுதான் சிக்கல்.

ஓட்டத்தை நம்பியே இராத மூன்றாவது வழியை ஒரு வரியில் முடித்துவிடலாம்: 2019இல் லூயிசியானா ஸ்டேட்டின் ஜோ பரோ 60 டச் டவுன் பாஸ் எறிந்து 15 ஆட்டத்தில் 15 வெற்றி என்று முடித்தார், அந்த மாதிரிக் கையும் பாஸைப் பிடிக்க அந்த மாதிரி ரிசீவர்களும் இருந்தால் ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இப்போது நான் பார்த்தது. 2010 செப்டம்பர் 4, புதுப்பித்த மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,13,090 பேர். குவாட்டர்பேக் டெனார்ட் ராபின்சன் ஷூ லேஸ் கட்டாமல் ஆடுகிறவர், பட்டப்பெயரே 'ஷூலேஸ்'தான். மேலே இருந்து பார்த்தால் லேஸ் தெரியாது; ஆனால் அவர் திரும்பும் விதம் தெரியும். ஒரு ஆள் குறுக்கே வந்தால் வேகத்தைக் குறைக்காமலே திசை மாற்றுவார், வந்தவர் வெறும் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுவார். கனெக்டிகட்டுக்கு எதிராக அன்று 29 ஓட்டம், 197 யார்டு. அடுத்த வாரம் நோட்ர டேமில் 28 ஓட்டம், 258 யார்டு, அதில் ஒன்று 87 யார்டு. பாஸையும் சேர்த்தால் மொத்தம் 502. ஹாஸ்டலில் அன்று யாரும் தூங்கவில்லை.

முதல் ஐந்து ஆட்டமும் வெற்றி. அடுத்த எட்டில் இரண்டுதான். பயிற்சியாளர் அதே ரோட்ரிகஸ்; சீசன் முடிந்ததும் வேலை போயிற்று. அந்த வருடம் மிச்சிகனின் தடுப்பாட்டம் சல்லடை மாதிரி இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும், எல்லாப் பழியையும் ஓட்டத்தின் மேல் போட முடியாது. ஆனால் அக்டோபரிலிருந்து ராபின்சன் பாதி ஆட்டத்தில் ஓரமாக நின்றுகொண்டிருக்க, மாற்று குவாட்டர்பேக் டேட் ஃபோர்சியே உள்ளே போவது வாடிக்கையாகிவிட்டது. இல்லினாயை 67-65 என்று மூன்று கூடுதல் சுற்றில் வென்ற ஆட்டத்தை முடித்துக் கொடுத்ததும் ஃபோர்சியேதான். நாங்கள் கேலரியில் ராபின்சன் எழுந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கைதட்டுவோம்.

இங்கேதான் என் முக்கியமான வாதம். எத்தனை முறை ஓடலாம் என்ற கேள்விக்கு விடை குவாட்டர்பேக்கின் காலில் இல்லை. பெஞ்சில் இருக்கிறது.

2014 ஒஹையோ ஸ்டேட்டைப் பாருங்கள். முதல் குவாட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் சீசன் தொடங்கும் முன்பே தோள் காயத்தால் வெளியே. இரண்டாமவர் ஜே.டி. பேரட் 171 முறை ஓடினார், ஆட்டத்துக்கு 14. மிச்சிகனுக்கு எதிரான கடைசி லீக் ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது. மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ். அவர் முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடிய ஆட்டத்தில் விஸ்கான்சினை 59-0, பிறகு அலபாமாவை 42-35, இறுதியில் ஓரிகனை 42-20. பட்டம். மூன்றாவது ஆளே அப்படி என்றால் முதல் ஆளை எவ்வளவு ஓடவிட்டால்தான் என்ன?

இப்போது எதிர்ப்பக்கம். 2012 அக்டோபர், லிங்கன் நகரில் நெப்ராஸ்காவுடன் மிச்சிகனுக்கு ஆட்டம். அதே ராபின்சனுக்கு முழங்கை நரம்பில் அடி. மாற்று குவாட்டர்பேக்காக இருந்திருக்க வேண்டிய டெவின் கார்ட்னரை ரிசீவராக மாற்றி வைத்திருந்தார்கள். உள்ளே போன பையன் 16 பாஸில் 3 மட்டும் சேர்த்தான், மூன்றை எதிரணியிடம் கொடுத்தான். 23-9 தோல்வி. அடுத்த வாரம் கார்ட்னரையே திரும்ப குவாட்டர்பேக்காக நிறுத்தினார்கள், மினசோட்டாவை 35-13 என்று வென்றார்கள். சீசன் கடைசியில் திரும்பி வந்த ராபின்சனால் சரியாக எறிய முடியவில்லை, ரன்னிங் பேக்காகத்தான் ஆடினார். பிறகு என்.எஃப்.எல்.லிலும் அதே வேலைதான்.

இன்னும் வலிக்கிற கதை 2007 டிசம்பர் 1. தேசியத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த வெஸ்ட் வர்ஜீனியா, சொந்த மைதானத்தில், நான்கு வெற்றி மட்டுமே வைத்திருந்த பிட்ஸ்பர்க்கோடு ஆடியது. வென்றால் பட்டப் போட்டி. குவாட்டர்பேக் பாட் வைட்டின் கட்டைவிரல் பிசகியது. வைட் இல்லாத வெஸ்ட் வர்ஜீனியா எண்ணெய் தீர்ந்த விளக்கு. 13-9, தோல்வி. பயிற்சியாளர் யாரென்று நினைக்கிறீர்கள்? ரோட்ரிகஸ்தான்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. நல்ல வேகப்பந்து வீச்சாளரை ஒரு நாளில் 25 ஓவர் வீச வைக்கலாம், விக்கெட்டும் விழும். அடுத்த டெஸ்டுக்கு யார் வருவார் என்பதுதான் கேள்வி.

அந்தப் பெஞ்ச் இப்போது முன்னைவிட மெலிந்துவிட்டது. 2021க்குப் பிறகு மாணவர்கள் ஒரு வருடம் சும்மா உட்காராமலே கல்லூரி மாறலாம். 2024இலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். நன்றாக எறியத் தெரிந்த இரண்டாம் குவாட்டர்பேக் எதற்காகக் காத்திருக்கப் போகிறான்? வேறு இடத்தில் முதல் ஆளாகப் போய்விடுவான். தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று 2024இல் 12 அணிகளாக விரிந்ததால் சீசனும் நீண்டுவிட்டது. அந்த வருடம் இறுதிக்கு வந்த இரண்டு அணிகளும் 16 ஆட்டம் ஆடின. ஆட்டத்துக்கு இருபது என்றால் 320 ஓட்டம். கிளைனே 317தான்.

அந்த இறுதிப் போட்டியே, 2025 ஜனவரி 20, அட்லாண்டா, இந்த ஒப்பீட்டுக்காக நடத்தியது மாதிரி இருந்தது. நோட்ர டேமின் ரைலி லெனர்ட் முதல் முறை பந்து கைக்கு வந்ததும் 18 பிளேயில், அதாவது 18 முயற்சியில், 75 யார்டு நகர்த்தினார். ஒன்பது நிமிடம் 45 வினாடி. அதில் ஒன்பது முறை அவரே ஓடினார், டச் டவுனும் அவரே. அழகான டிரைவ், மறுக்கவில்லை. முடிந்ததும் ஓரத்தில் போய் வாந்தி எடுத்தார். அடுத்து விழுந்த 31 புள்ளிகளும் ஒஹையோ ஸ்டேட்டுக்கு. லெனர்ட் கடைசியில் பாஸில் மீண்டு வந்தார், ஆனால் அன்றைக்கு மொத்தம் 17 ஓட்டம், 40 யார்டு. முதல் டிரைவுக்குப் பிறகு கால் ஓடவில்லை.

எதிரே வில் ஹவர்ட். சீசன் முழுக்க அவர் ஓடியது சேக்கையும் சேர்த்து 105 தடவை, ஆட்டத்துக்கு ஏழுகூட இல்லை. இறுதியில் மட்டும் 16. சேர்த்து வைத்ததைக் கடைசி நாளில் செலவழித்தார், 34-23. 2005 டெக்சஸின் வின்ஸ் யங்கும் அப்படித்தான்: 13 ஆட்டத்தில் 155 ஓட்டம், ஆனால் யு.எஸ்.சி.க்கு எதிரான ரோஸ் பவுலில் 19 ஓட்டம், 200 யார்டு, 19 வினாடி மிச்சம் இருக்கும்போது நாலாவது டவுனில் (பத்து யார்டு நகரக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் கடைசியில்) வெற்றி தந்த அந்த எட்டு யார்டு.

என் பத்து எப்படிப் பிரியும் என்றால்: தொடக்கத்தில் இரண்டு மூன்று, எதிரணிக்குப் பயம் காட்ட. மூன்றாவது டவுனில் இரண்டு மூன்று யார்டு வேண்டியிருக்கும்போது மூன்று நான்கு. கோல் லைன் பக்கத்தில் இரண்டு. மீதி, குவாட்டர்பேக்கைச் சுற்றி நிற்கும் காவல் வளையமான பாக்கெட் உடைந்தால் தானாக ஓடுவது. அப்படி ஓடும்போது ஆள் வருமுன் கால் நீட்டிச் சறுக்கிவிட வேண்டும், சறுக்கியதும் பந்து செத்ததாகக் கணக்கு. 2021இல் பிட்ஸ்பர்க்கின் கென்னி பிக்கெட் சறுக்குவது போலப் பாசாங்கு செய்துவிட்டு 58 யார்டு ஓடி டச் டவுன் அடித்தார். அடுத்த சில நாளிலேயே அந்தப் பாசாங்குக்குத் தடை வந்தது. சரியான தடைதான், இல்லாவிட்டால் நிஜமாகச் சறுக்குகிறவனையும் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள்.

மூன்று பேரில் யார் ஓடுவது என்று ஓடும்போதே தீர்மானிக்கும் டிரிபிள் ஆப்ஷன் ஆடும் ராணுவக் கல்லூரிகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன். கடற்படைக் கல்லூரியான நேவியின் கீனன் ரெனால்ட்ஸ் 88 டச் டவுன் ஓடினார், மால்கம் பெர்ரி 2019இல் 2,017 யார்டு. அங்கே இரண்டாமவனும் மூன்றாமவனும் அதே ஆட்டத்தைத்தான் தினமும் பழகுகிறார்கள். நான் நேவி ஆட்டங்களை டிவியில் அங்கங்கே பார்த்ததோடு சரி, அதற்கு மேல் வாய் திறக்க எனக்குத் தகுதியில்லை. பாக்கெட்டில் அசையாமல் நின்று முதுகில் வாங்கும் அடிதான் மோசம் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓரளவு உண்மை, ஓடுகிறவனுக்கு அடி வருவதாவது தெரியும். அதனால்தான் பூஜ்யம் என்று சொல்லாமல் பத்து என்கிறேன்.

போன வாரம் மகன் சொந்தமாக ஒரு அணி தொடங்கியிருக்கிறான். குவாட்டர்பேக் வேகம் 96. முதல் ஆட்டத்திலேயே 26 முறை ஓடவிட்டு 40 புள்ளியில் ஜெயித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பெஞ்சில் யார்டா என்று கேட்டேன். இன்னும் பார்க்கவில்லை என்றான்.