பென்சாயின் தயாரிக்கச் சயனைடா, தயமினா?

பென்சால்டிஹைடின் இரு மூலக்கூறுகளை இணைத்துப் பென்சாயின் ஆக்கும் குறுக்க வினைக்குக் கல்லூரி ஆய்வகங்களில் இரு வினையூக்கிகள் வழக்கில் உள்ளன. ஒன்று சோடியம் சயனைடு. மற்றொன்று வைட்டமின் பி1 ஆகிய தயமினின் ஹைட்ரோகுளோரைடு உப்பு. மாணவர்களின் மேசைக்குத் தயமினே உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆயினும் சயனைடின் வலிமையை மறைத்துப் பேசுவது முறையாகாது.

1832இல் ஜெர்மன் வேதியியலாளர்களான வோலரும் லீபிகும், பென்சால்டிஹைடை முதன்மைக் கூறாகக் கொண்ட கசப்பு வாதுமை எண்ணெயை ஆராய்ந்தபோதே வெளிப்பட்ட வினை இது. சயனைடு வழி விரைவானது: நீர் கலந்த எத்தனாலில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு ஆற்றினால் படிகங்கள் இறங்கிவிடும், விளைச்சலும் பெரும்பாலும் மிகுதி. ஆனால், சில நூறு மில்லிகிராமிலேயே ஓர் உயிரைப் பறிக்கும் பொருளை இங்கே கிராம் கணக்கில் நிறுத்தாக வேண்டும். கழிவில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். அதற்கும் கசப்பு வாதுமை மணம், பென்சால்டிஹைடுக்கும் அதே மணம் என்பதால், மூக்கு எச்சரிக்கும் என்று நம்பி நிற்க வழியில்லை. சயனைடை விலக்க இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

தயமினின் தையசோலியம் வளையத்தில் கந்தகத்துக்கும் நைட்ரஜனுக்கும் இடையே உள்ள கார்பன், காரத்திடம் ஒரு புரோட்டானை இழந்தபின் சயனைடு அயனியின் வேலையை அப்படியே செய்கிறது. இதை 1958இல் அமெரிக்க வேதியியலாளர் ரொனால்ட் பிரெஸ்லோ விளக்கினார். ஈஸ்ட் செல்லுக்குள் பைருவேட்டை அசிட்டால்டிஹைடாக மாற்றும் நொதிக்குத் துணை நிற்பதும் இதே கார்பன்தான் என்று வகுப்பில் சொல்லும்போது, பாடம் உயிர்வேதியியலுக்குத் தானாகவே நீள்கிறது.

தயமின் வழிக்கு விலை, பொறுமை. ஏறத்தாழ 1.75 கிராம் தயமின் ஹைட்ரோகுளோரைடைச் சிறிது நீரில் கரைத்து, எத்தனால் சேர்த்து, குடுவையைப் பனிக்கட்டியில் அமிழ்த்தி, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அப்போது எழும் மஞ்சள் நிறம் வெளிறும். பிறகு 10 மில்லிலிட்டர் பென்சால்டிஹைடைச் சேர்த்து, அறை வெப்பநிலையில் ஒருநாளேனும் அசையாமல் விட்டுவைக்க வேண்டும். காரம் மிகுந்தாலோ, கரைசல் சூடேறினாலோ வளையம் உடைந்து வினையூக்கியே அழிந்துபோகும். புதிதாக வாலைவடிக்காத பென்சால்டிஹைடில் உள்ள பென்சாயிக் அமிலமோ காரத்தைத் தின்றுவிடும். தயமின் வேலை செய்யவில்லை என்று கைவிடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை இவ்விரண்டும்தான்.

தயமின் மோனோநைட்ரேட் என்ற உப்பும் கிடைக்கிறது. அது ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது என்பதால் மாத்திரைகளுக்கு ஏற்றது. ஆனால் நீரில் குறைவாகவே கரையும். ஹைட்ரோகுளோரைடுக்கு ஒரு மோலுக்கு இரண்டு மோல் காரம் தேவை: ஒன்று கூடவே வரும் அமிலத்தை நடுநிலையாக்க, மற்றொன்று அந்தக் கார்பனின் புரோட்டானை நீக்க. மோனோநைட்ரேட்டுக்கு ஒன்றே போதும். ஹைட்ரோகுளோரைடுக்கான செய்முறையை மோனோநைட்ரேட்டுக்கு அப்படியே எடுத்தாண்டால் காரம் இருமடங்காகி, முன்சொன்ன கேடுதான் நேரும். ஆகவே, நிறுப்பதற்கு முன் புட்டியில் எந்த உப்பின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.