ஏழு கோடை பார்த்த உறைத் தொட்டியும் அதைச் சுற்றிய பூச்செடிகளும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு குளம் இருக்கிறது. குளம் என்பது எங்கள் ஆசைக்குச் சொல்வது. கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் உறை இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தது, அவ்வளவுதான். நாலடி அகலம், இரண்டடி ஆழம், எழுநூறு லிட்டர் பிடிக்கும். கீழ் உறை மண்ணுக்குள், மேல் உறை வெளியே. சுற்றிலும் மல்லி, பிச்சி, கேந்தி, இட்லிப்பூ. 2019 தை மாதம் வைத்தது.

முதல் வாரமே எழுதியிருந்தால் ஆகா ஓகோ என்று எழுதியிருப்பேன். இரண்டாம் மாதம் எழுதியிருந்தால், தயவுசெய்து யாரும் இந்த வேலைக்குப் போகாதீர்கள் என்றுதான் எழுதியிருப்பேன். இப்போது ஏழு கோடை ஆகிவிட்டதால் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

கொத்தனார் உறையை உருட்டிக்கொண்டு வந்த அன்று அத்தை திண்ணையில் உட்கார்ந்து, "ஏட்டி, ஊரே கொசுவ விரட்டிக்கிட்டு அலையுது, நீ தொட்டி கட்டி வளக்கப் போறியா?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்கு நான் வைத்திருந்த பதில் பத்து கப்பி மீன். மறுநாள் காலையில் பத்தும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மீன் விற்கிறவரிடம் போய்ச் சொன்னால் அவர் சிரிக்கிறார். "புது சிமெண்டுல சுண்ணாம்பு எறங்கும்லா? வாழத்தண்டு வெட்டிப் போட்டு ஊற விட்டியளா?" விடவில்லை. அப்புறம் வாழைத்தண்டுத் துண்டுகளும் ஒரு கை மாட்டுச் சாணமும் போட்டு, வாரம் ஒருமுறை தண்ணீரை இறைத்து மாற்றி, மூன்று வாரம் பொறுத்தோம். அதற்குப் பிறகு விட்ட மீன்களின் வம்சம் நாலு வருஷத்துக்கு மேல் ஓடியது.

அடுத்த தொல்லை பச்சைத் தண்ணீர். பங்குனி வெயில் ஏறியதும் தொட்டி கீரை மசித்த சட்டி மாதிரி ஆகிவிட்டது. மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நான் சுத்தக்காரி. எல்லாவற்றையும் இறைத்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் விட்டேன். ஆறு நாள் கண்ணாடி மாதிரி இருந்தது. எட்டாம் நாள் மறுபடி கீரைச்சட்டி. இப்படி நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் எழுநூறு லிட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற கோடையில் அதைச் செய்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

வைகாசியில் சங்கரன்கோவிலில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தொட்டியின் அடிமண் வரை தெரிகிறது. என்ன செய்தீர்கள் என்று இவரைக் கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை. மீனுக்குத் தீனி போடக்கூட மறந்திருக்கிறார்! நான் இல்லாத நாளில், தொட்டிக்குள் வைத்திருந்த அல்லியின் இலை பாதித் தொட்டியை மூடிவிட்டது. பாசிக்கு வேண்டியது வெயிலும், தின்று மிஞ்சிய தீனி கரைந்த சத்தும். வெயிலை இலை மறைத்தது, சத்தை வேர் எடுத்துக்கொண்டது. நான் ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவியதில் அழுக்கோடு அந்த ஏற்பாடும் சேர்ந்து போயிருக்கிறது. அன்றிலிருந்து முழுத்தொட்டியையும் இறைப்பதை விட்டுவிட்டேன். முக்கால்வாசி இலை மூடியிருக்க வேண்டும், தீனி வாரம் இரண்டு சிட்டிகை. மற்றபடி கொசுப்புழுவைத் தின்று மீன் தானே பிழைத்துக்கொள்ளும்.

கொசு என்றதும் ஞாபகம் வருகிறது. டெங்கு சமயத்தில் வீடு வீடாகப் புழு பார்க்க வருகிறவர்கள் ஒருநாள் டார்ச்சோடு வந்தார்கள். நேரே தொட்டிக்குத்தான் போனார்கள். அத்தை முகத்தில் 'நான் அப்பவே சொன்னேன்லா' என்று எழுதியிருந்தது. தொட்டியில் ஒரு புழு இல்லை. ஆனால் ரோஜாத் தொட்டிக்கு அடியில் வைத்திருந்த தட்டிலும், பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிற தட்டிலும் நெளிந்துகொண்டிருந்தன. அன்றே பூந்தொட்டித் தட்டுகளையெல்லாம் தூக்கிப் பரணில் போட்டேன். முட்டை புழுவாகிக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மீன் இல்லாத தண்ணீர் எதுவும் வீட்டில் அத்தனை நாள் நிற்கக் கூடாது.

தாமரையா அல்லியா என்று கேட்கிறவர்களுக்கு: எங்களுக்கு அல்லிதான் கைகொடுத்தது. நீலத் தாமரை விதை என்று இணையத்தில் வாங்கிய பத்தில் ஆறு முளைத்தன. கைக்குட்டை அளவு இலை வந்தது. பூ, நீலத்திலும் வரவில்லை, வேறு நிறத்திலும் வரவில்லை. தாமரைக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், கிழங்கு ஓட இடம் வேண்டும். நாலடி உறையில், பாதி நிழலில், அதைக் கேட்பது நம் தப்பு. அல்லியோ வயக்காட்டு ஓடையிலிருந்து கொண்டுவந்த ஒரே கிழங்கு. பழைய பிளாஸ்டிக் பேசினில் கரம்பை மண் நிரப்பி, மீன் கிளறாமல் இருக்க மேலே சரளைக்கல் பரப்பி, தொட்டிக்குள் இறக்கினோம். ஒன்றரை மாதத்தில் மொட்டு.

அது ராத்திரி மலரும் வெள்ளை அல்லி. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இதைவிடத் தோதான பூ கிடையாது. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் மொட்டின் வெளி இதழ் நாலும் தளரும். உள்ளே இருக்கிற வெள்ளை முதலில் ஒரு கோடாகத்தான் தெரியும். காபியைக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் விரல் நுழைகிற அளவு விரிந்திருக்கும். விரிவதைக் கண்ணால் பிடித்துவிடலாம் என்று பல நாள் உட்கார்ந்து பார்த்தேன், முடிந்ததில்லை. காலையில் எட்டு ஒன்பது மணிக்கு மூடிக்கொள்ளும். இப்படி மூன்று நாலு ராத்திரி ஆனதும் காம்பு வளைந்து தண்ணீருக்குள் போய்விடும். 2020 ஊரடங்குக் கோடையில் எங்கள் வீட்டுச் சினிமா இதுதான். அத்தைகூட நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். "நெல்லையப்பருக்கே கோடைக்குன்னு தோட்டத்துக்குள்ள வசந்த மண்டபம் கட்டிக் கெடக்கு, நமக்கு ஒரு தொட்டி வேண்டாமா?" என்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கோயிலில் நூறு தூண் வசந்த மண்டபத்தைச் சுற்றியுள்ள அந்தத் தோட்டம் 1756-இல் போட்டது. எங்கள் தொட்டிக்கு அந்தக் கணக்கை இழுத்தது கொஞ்சம் அதிகம். ஆனால் கொசு வளர்க்கிறாய் என்றவள் சொன்னாளே!

இனி கோடைத் தண்ணீர்க் கணக்கு. கத்திரி வெயிலில் மூன்று நாளைக்கு ஒரு அங்குலம் இறங்குகிறது. இந்த அகலத்துக்கு அது முப்பது லிட்டர், இரண்டு குடம். பயந்த அளவு இல்லை. வெளியூர்க்காரர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. எங்கள் பக்கம் சித்திரை போனால் கோடை போயிற்று என்று கிடையாது. குற்றாலத்தில் சாரல் விழும்போது எங்களுக்கு வருவது காற்று மட்டும்தான். ஆனி, ஆடியில் அந்த மேல்காற்று மண்ணை வாரி அடிக்கும். உடம்புக்குக் குளுமையாக இருக்கும். ஆனால் தொட்டியும் செடியும் காய்வது சித்திரையைவிட வேகம். முதல் வருஷம் வெயில் குறைந்ததே என்று நான் ஒரு வேளைத் தண்ணீரை நிறுத்த, கனகாம்பரம் நாலும் கருகின.

இதைவிட மெதுவாகத் தெரிந்த விஷயம் உப்பு. எங்கள் போர்த் தண்ணீர் வாளியில் வெள்ளை படியும் ரகம். வற்ற வற்ற அதையே ஊற்றினால் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே சேர்ந்துகொண்டு போகும். மூன்றாம் கோடையில் அல்லி இலையின் ஓரம் பழுப்பேறிச் சுருண்டது. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளிக்கப் போனேன். நல்ல வேளை, மீன் இருக்கிறது என்று இவர் தடுத்தார். இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை பத்துக் குடம் இறைத்து மல்லிக்கு ஊற்றிவிட்டு, ஆற்றுத் தண்ணீரை ஒரு நாள் வாளிகளில் திறந்து வைத்து குளோரின் வாடை போன பிறகு ஊற்றுகிறேன். ஊற்றுவது சாயங்காலம், கொஞ்சம் உயரத்திலிருந்து, சலசலவென்று. விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தால் தண்ணீரில் காற்று போதவில்லை என்று அர்த்தம். உயரத்திலிருந்து ஊற்றினால் அது சரியாகிறது.

இறைக்கிற அந்தப் பச்சைத் தண்ணீர்தான் எங்கள் மல்லிக்கு உரம். வேறு எதுவும் பெரிதாகப் போடுவதில்லை. கார்த்திகைக் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறோம். மாசியில் தளிர், பங்குனியில் மொட்டு. வெயில் ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம். நாலு செடிதான், சித்திரையில் தினமும் ஒரு முழத்துக்குக் குறையாது. ஐந்து மணிக்கு அத்தை கிண்ணத்தோடு வந்து, மொட்டு வெள்ளையானதைப் பறித்துப் பச்சையை விட்டுவிடுவாள். வாழைநாரை அதே தொட்டித் தண்ணீரில் நனைத்துக் கட்டுவாள். பிச்சி அப்படியில்லை. வெயிலில் கொடியை நீட்டிக்கொண்டு போகுமே தவிர, பூவுக்கு மழைக்காற்று வர வேண்டும். கேந்தியைக் கோடைக்கு நம்பாதீர்கள், செம்பேன் விழுந்து இலை சாம்பலாகிவிடும். டேபிள் ரோஸ் மட்டும் சுவர் மேல் சூட்டிலும் பத்து மணிக்குச் சரியாகக் கண் விழிக்கும். காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூ. நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊற்றினால் வெறும் இலைதான். அரளியைத் தொட்டிப் பக்கம் வைக்காதீர்கள். இலையும் பூவும் விஷம், தண்ணீரில் விழும்.

வாங்கி ஏமாந்தவை: வெயிலில் ஓடும் மிதக்கும் நீரூற்று. நேர் வெயில் இருந்தால்தான் பீச்சும், நாம் உட்காருகிற சாயங்காலம் படுத்துக்கொள்ளும். அடுத்து வாங்கிய சின்ன மோட்டார் எட்டு மாதத்தில் உப்பு படிந்து இறுகிவிட்டது. செடிப் பைகள் இரண்டு கோடையில் பொடிப்பொடியாக உதிர்ந்தன. மண்தொட்டிக்கு மாறிவிட்டோம். காசு கொடுத்ததில் உருப்படியானது மேற்கு வெயிலுக்குக் கட்டிய பச்சை நிழல்வலை ஒன்றுதான். இன்னொரு தப்பு, முருங்கைக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்தது. அந்தப் பொடி இலையை வலை போட்டும் அள்ள முடியாது. கடைசியில் அந்தப் பக்கக் கிளையை வெட்ட வேண்டியதாயிற்று.

மீனுக்கு எதிரி பூனை இல்லை, மீன்கொத்தி. நீல இறக்கை, வெள்ளை மார்பு, துணிக்கொடியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும். கோல்டு பிஷ் ஆறும் ஒரே வாரத்தில் போயின. கப்பி சின்னது, இலைக்கடியில் ஒளியத் தெரிந்தது, அதனால் பிழைத்தது. அதுவும் 2023 டிசம்பர் 17, 18 மழையில் போய்விட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தெருத்தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறி உறையை மூடிக்கொண்டு போனது. வடிந்த பிறகு பார்த்தால் தொட்டியில் சேறும், யார் வீட்டுச் செருப்போ ஒன்றும் கிடந்தது. மீன் ஒன்றுகூட இல்லை. அல்லிப் பேசின் மட்டும் கவிழ்ந்த நிலையில் அடியில் இருந்தது. சரி, முடிந்தது என்றுதான் நினைத்தோம். தையில் கவிழ்ந்த பேசினுக்கு அடியிலிருந்து ஒரு சிவந்த இலை வளைந்து வெளியே வந்தது. மறுபடி இருபது கப்பி வாங்கி விட்டோம்.

இப்போது உறை இரண்டும் சேருகிற இடத்தில் பூச்சு விட்டு மெல்லக் கசிகிறது. மழைக்கு முன் பூசியாக வேண்டும். கசிகிற பக்கம் வைக்காமலே முளைத்த சேம்பு தளதளவென்று நிற்பதால் கொத்தனாரைக் கூப்பிட மனசு வராமல் தள்ளிப்போடுகிறேன். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்களுக்கு ஒன்று: இரண்டடித் தண்ணீர் போதும் ஆபத்துக்கு. முதல் நாளே இரும்புக் கம்பி மூடி அடித்துவிடுங்கள். எங்களுக்கு அது பேரன் தவழ ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. போன சித்திரை லீவில் அவன் அந்தக் கம்பி மேல் குப்புறப் படுத்துக்கொண்டு மீனை எண்ணினான். பதினேழு என்றான். அத்தை இருபத்தொன்று என்கிறாள். மீன் நின்று கொடுத்தால்தானே எண்ணுவதற்கு.