‘ரேஸிங் கூலிங் கிட்’ வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் ஷ்ரவுட்டைத் திருப்பிப் பாருங்கள்

காற்றால் குளிரும் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் எஞ்சினைப் பெரிய சிலிண்டர், இரட்டை கார்புரேட்டர் என்று பவர் ஏற்றிக் கட்டுபவர்கள் கவனத்துக்கு. ‘ரேஸிங் கிட்’ என்று விற்பனையாளர் ஒருவர் அனுப்பிய குரோம் ஷ்ரவுட்டை (ஃபேனை மூடி, அதன் காற்றைச் சிலிண்டர்களுக்கு அனுப்பும் கூடு) கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே வெறும் கூடு. காற்றை நான்கு சிலிண்டருக்கும் பிரித்துவிடும் வளைதகடு ஒன்றுகூட இல்லை. கேட்டால், “அதெல்லாம் தெர்மோஸ்டாட்டுக்குத்தான் சார், ரேஸுக்குத் தேவையில்லை” என்கிறார். சுத்தப் பொய். தெர்மோஸ்டாட் அசைப்பது கீழே உள்ள மடல்களை. உள்ளே பற்றவைத்த வளைதகடுகள் வேறு. ஃபேன் ஒரே திசையில் சுற்றுவதால் காற்று ஒரு பக்கமாகவே சாயும். தகடு இல்லையென்றால் ஏதோ ஒரு சிலிண்டர் பட்டினிதான்.

அடுத்தது ஆயில் கூலர். பழைய ஷ்ரவுட்டில் அது 3-ஆம் சிலிண்டருக்கு மேலேயே உட்கார்ந்து காற்றை மறைக்கும். அந்த எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் போகும். 1971 மாடலில் வந்த ‘டாக்ஹவுஸ்’ ஷ்ரவுட்டில் கூலர் தனி அறைக்குப் போனது, ஃபேனும் அகலமானது. இங்கேதான் ஏமாற்று: டாக்ஹவுஸ் ஷ்ரவுட்டோடு பழைய குறுகிய ஃபேனைக் கட்டி அனுப்புகிறார்கள். கூலரின் சூடான காற்றை வெளியே தள்ளும் தகரக்குழாயும் பெட்டியில் இருக்காது. அது இல்லாமல் ஓட்டினால் அந்தச் சூட்டையே ஃபேன் மறுபடி உறிஞ்சும்.

‘வெல்டு செய்த ஃபேன்’ என்றால் எல்லா பிளேடும் இரண்டு வளையத்திலும் பற்றவைத்திருக்க வேண்டும், வெல்டுக்குப் பிறகு பேலன்ஸ் செய்த தடம் தெரிய வேண்டும். நாலைந்து இடத்தில் பொட்டு வைத்தது வெல்டு அல்ல. கம்பெனி புல்லியில் ஃபேன் கிராங்கை (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) போல் ஏறக்குறைய 1.8 மடங்கு சுற்றும். 6,000 ஆர்பிஎம்மில் அது 10,800. அந்த வேகத்தில் பிளேடு கழன்றால் ஷ்ரவுட்டையும் கிழிக்கும். பூட்டும்போது ஃபேனுக்கும் பின்தகட்டுக்கும் சுமார் 2 மி.மீ. இடைவெளி வேண்டும், குறைந்தால் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போடுங்கள்.

கிட்டில் சின்ன கிராங்க் புல்லி இருந்தால் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள், அது ஃபேன் வேகத்தைக் குறைக்கும். ஃபேன் வேகம் 10% குறைந்தால் காற்றும் 10% குறையும், அழுத்தமோ 19% குறையும். ஃபேன் தின்னும் பவர் 27% மிச்சமாவது உண்மைதான். ஆனால் சிலிண்டரைச் சுற்றியுள்ள நெருக்கமான ஃபின்களுக்குள் (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) காற்றைத் தள்ளுவது அழுத்தம்தானே!

போர்ஷே 911 பாணி ஃபைபர் ஷ்ரவுட் கண்ணுக்கு அழகு. அசல் 911 ஹவுஸிங்கில் ஃபேனுக்குப் பின்னால் அசையாத வழிகாட்டித் தகடுகள் உண்டு. மலிவு நகலில் அவை இல்லையென்றால் காற்று சுழன்று வீணாகும்.

எதை மாட்டினாலும் ஆயில் சூட்டை மட்டும் நம்ப வேண்டாம், அது தாமதமாகத்தான் ஏறும். நான்கு பிளக்குக்கு அடியிலும் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் சென்சார்) வளையம் போட்டு, லோடில் ஓட்டி, நான்கையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தனியாக ஏறினால் கார்புரேட்டர் ஜெட்டைத் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) தொடும் முன் ஷ்ரவுட்டைக் கழற்றுங்கள்.