ஊராட்சி மன்றங்களின் சேமிப்பு அறிக்கை: இங்கிலாந்துப் படிவம் பினாங்குக்கு எவ்வளவு உதவும்?

மன்றம் இவ்வளவு மிச்சப்படுத்தியது என்று அறிவிப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எதிலிருந்து மிச்சம் என்பதைத்தான். அந்தக் கேள்வியோடு பார்க்க வேண்டிய படிவம், இங்கிலாந்து மன்றங்கள் 2005 முதல் நிரப்பிய ஆண்டுச் சிக்கன அறிக்கை. ஆண்டுக்குச் செலவில் 2.5 விழுக்காடு மிச்சம் பிடிப்பது இலக்கு. வரும் ஆண்டில் எங்கே மிச்சம் பிடிப்போம் என்று ஓர் அறிக்கை, ஆண்டு முடிந்ததும் எவ்வளவு பிடித்தோம் என்று இன்னொன்று. மன்றத் தலைவர், தலைமை நிர்வாகி, நிதி அதிகாரி மூவரும் கையெழுத்திட வேண்டும்.

இதன் அருமை தெருவிளக்குக் கணக்கில் தெரியும். 150 வாட் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு 70 வாட் எல்இடி பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். இரவு 12 மணி நேரம் எரிந்தால் விளக்குக்கு 0.96 யூனிட் குறையும். ஆண்டுக்குச் சுமார் 350 யூனிட், ஆயிரம் விளக்குக்கு மூன்றரை லட்சம். அந்த யூனிட்டுகளின் பணமதிப்பிலிருந்து விளக்கு விலை, பொருத்தும் கூலி, ஏணி லாரி வாடகை எல்லாம் கழித்தால்தான் நிகரச் சேமிப்பு. ஏமாற்றம் நுழையும் இடம் அடிப்படை ஆண்டு. எரியாமல் கிடந்த பழைய விளக்குகளையும் எரிந்ததாகச் சேர்த்துவிட்டால் சேமிப்பு ஊதிப் பெருகும். மின் கட்டணம் ஏறினால் பில் அந்த அளவுக்குக் குறையாமல் போகலாம்; ஆகவே யூனிட்டையும் ரிங்கிட்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். சேவைத் தரம் சரியவில்லை என்று காட்டவும் படிவம் கேட்டது. இருட்டுத் தெரு பற்றிய புகார் எண்ணிக்கையை அதில் வைக்கலாம். எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பலவீனமும் உண்டு. இலக்கில் பாதி மட்டும் கையில் வரும் பணமாக இருந்தால் போதும் என்று விட்டார்கள். கவுண்டரில் 10 நிமிடம் பிடித்த வேலை செயலியில் 2 நிமிடமானால், 6,000 பரிவர்த்தனைக்கு 800 மணி நேரம் மிச்சம். ஆனால் அதே ஊழியர் அதே சம்பளத்தில் அங்கேயே இருந்தால் கருவூலத்துக்கு ஒரு சென்னும் வராது. 2008-இல் இதைத் திருத்தினார்கள்: 3 விழுக்காடு, முழுக்கப் பணமாக. திருத்தியதில் அறிக்கையே என்ஐ 179 (தேசியக் குறியீடு 179) என்ற ஒற்றை எண்ணாகச் சுருங்கியது. பழைய படிவத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்போம், புதியதற்கு இரண்டு.

பினாங்கில் குப்பைக் கணக்குக்கு இது நன்றாகப் பொருந்தும். 2016 ஜூன் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கிறோம். பூலாவ் பூரோங் கிடங்குக்குப் போகும் டன் குறைந்தால் செலவு குறையுமா? குத்தகை டன் கணக்கில் என்றால் உடனே குறையும். மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை பேசியிருந்தால் குத்தகை புதுப்பிக்கும் நாள்வரை குத்தகையாளருக்குத்தான் லாபம். வாரம் மூன்று முறை வந்த லாரியை இரண்டாக்குவதைச் சேமிப்புப் பட்டியலில் சேர்க்கவே கூடாது; அது சேவைக் குறைப்பு.

மலேசியாவின் 1976 ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி முழு மன்றக் கூட்டங்கள் பொதுவாகப் பொதுமக்களுக்குத் திறந்தவை. போகிறவர்கள் நான்கு எண்களைத் தேடுங்கள்: அடிப்படை ஆண்டுச் செலவு, மாற்றத்துக்கான செலவு, நிகரச் சேமிப்பு, புகார் எண்ணிக்கை. இங்கிலாந்தில் 2009 முதல் வரிப் பில்லோடு சேமிப்பு விவரமும் வீட்டுக்கு வந்தது. இங்கே பிப்ரவரிக்குள்ளும் ஆகஸ்டுக்குள்ளும் மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். அந்தப் பில்லின் பின்பக்கத்தில் இந்த நான்கு எண்களுக்கும் தாராளமாக இடமிருக்கிறது.